கைபேசியில் இருப்பது நம் பெயர் மட்டுமன்று: தரவுத் திருட்டு, உளவு மென்பொருள், நமது பொறுப்பு

2021 மார்ச் மாதம். புதுச்சேரியின் 30 தொகுதிகளிலும் ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடக்கவிருந்தது. அந்த நாள்களில் வாக்காளர்கள் பலரின் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. அவற்றில் ஓர் இணைப்பு இருந்தது. அதை அழுத்தியவர்களைப் பாரதிய ஜனதா கட்சியின் தேர்தல் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் அது கொண்டு சேர்த்தது. இதை எதிர்த்து இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். ஆதாருடன் இணைக்கப்பட்ட எண்களுக்கு மட்டுமே அந்தச் செய்திகள் வந்தன என்பது அவர் வைத்த குற்றச்சாட்டின் மையம்.

தங்கள் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய எண்கள் அவை என்று கட்சி விளக்கம் அளித்தது. தன்னிடமிருந்து தரவு கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். ஆனால், தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி தலைமையிலான அமர்வு இதை எளிதில் விட்டுவிடவில்லை. குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக இருக்கிறது என்று கூறிய நீதிமன்றம், இது குறித்து ஆதார் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும் என்றது.

எண்கள் எவ்வழியில் போயிருந்தாலும், அந்த வழக்கு நம் முன் வைத்த கேள்வி எளிமையானது. ரேஷன் அட்டைக்காகவோ கல்வி உதவித்தொகைக்காகவோ வங்கிக் கணக்குக்காகவோ நாம் கொடுக்கும் ஓர் எண், நாம் கேட்காத ஒருவரின் கைக்கு ஏன் போக வேண்டும்? தேவையற்ற விளம்பரச் செய்தி என்று நாம் புறந்தள்ளும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தக் கேள்வி இருக்கிறது. நம் எண் அவர்களிடம் இருக்கிறது என்பதற்கான முதல் சான்று அந்தச் செய்திதான்.

இணையப் பாதுகாப்பு என்றால் கடவுச்சொல்லை மாற்றுவது, வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவுவது என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக வேலை செய்யும் நமக்கு அது போதாது. நம் கைபேசியில் நம் பெயர் மட்டும் இல்லை. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல முன்வந்தவரின் எண், ஊரைவிட்டு வெளியேறிய இணையரின் முகவரி, புகார் கொடுத்த பெண்ணின் குரல் பதிவு, விடுதி மாணவர்களின் சாதிச் சான்றிதழ் நகல்கள் ஆகியவையும் அதில்தான் இருக்கின்றன. நமது கவனக்குறைவுக்கான விலையை நாம் மட்டும் கொடுக்கப் போவதில்லை. இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து இதுவே.

அதிகம் காட்ட வேண்டியவர்கள் யார்?

தனியுரிமை என்பது வசதி படைத்தோரின் கவலை என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. சொந்த வீடும் சொந்தப் பணமும் உள்ளவர் அரசு அலுவலகத்தின் படியை எப்போதாவதுதான் ஏறுகிறார். நாமோ ஒவ்வொரு கல்வியாண்டும் ஏறுகிறோம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் என்று ஒவ்வொரு உரிமைக்கும் ஒரு கட்டு நகல்கள் தேவைப்படுகின்றன.

புதுச்சேரியில் இந்தச் சுமை இன்னும் ஒரு படி கூடுதல். இந்த ஒன்றியப் பகுதிக்கான பட்டியல் சாதியினர் யார் என்பதை வரையறுக்கும் 1964ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இங்கு வசிப்பவர்களைக் குறித்தே பேசுகிறது. எனவே சாதியை மெய்ப்பித்தால் மட்டும் போதாது. வசிப்பிடத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. 

இந்த ஊருக்குப் பதிவேடு புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியின்போது, 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை, சாதி வழக்கங்களைச் சார்ந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க இந்தியர்களுக்கு வழி செய்தது. துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் பதிவு செய்துகொண்டார்கள். அவர்களில் தலித்துகளும் இருந்தார்கள். சமமான குடிமக்களாக எண்ணப்படலாம் என்ற நம்பிக்கையில் அவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். ஆகவே பதிவேடே நமக்குப் பகை என்று சொல்வதற்கில்லை. அதை யார் வைத்திருக்கிறார், யார் படிக்கிறார், எதற்காகப் படிக்கிறார் என்பதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

அடையாளத் திருட்டு நடக்கும் விதம்

அடையாளத் திருட்டுக்குப் பெரிய கணினி அறிவு தேவையில்லை. நகல் எடுக்கும் கடையில் மறந்து விட்டுவந்த ஓர் ஆதார் நகலோ, இணைய மையத்தின் கணினியில் அழிக்கப்படாமல் கிடக்கும் ஒரு பி.டி.எஃப். கோப்போ போதும். அதைக் கொண்டு நம் பெயரில் சிம் வாங்க முயலலாம். கடன் செயலியில் கடன் கேட்கலாம். மோசடிப் பணத்தைக் கைமாற்றுவதற்காக வங்கிக் கணக்கு தொடங்கலாம். பின்னர் காவல்துறை தேடி வருவது நம் வீட்டுக்கு.

கைரேகையும் திருடப்படுகிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளைப் படியெடுத்துப் போலி ரேகைகள் செய்த கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் கைரேகையே கையொப்பம். அட்டை வேண்டாம், ஒருமுறைக் கடவுச்சொல் வேண்டாம். நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் அந்த வழியில் எடுக்கப்படுவதால், இத்திருட்டு யாரைத் தாக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று எச்சரித்தது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று கூறி, இரண்டே நாளில் ஒன்றிய அரசு அதைத் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை போய்விட்டது, எச்சரிக்கைக்கான காரணம் போகவில்லை. நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, முழு எண் தேவைப்படாத இடங்களில் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். அதில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆதாரில் உள்ள கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்து மீண்டும் பூட்டலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுப்பது கல்லூரி மாணவர்களால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. ஆனால், ரேஷனுக்கோ உதவித்தொகைக்கோ அவர்கள் கைரேகை வைக்க வேண்டிய நாளில் பூட்டைத் திறக்கவும் ஆள் வேண்டும். அதையும் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் நம் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

நான்காவது, கொடுக்கும் ஒவ்வொரு நகலின் மீதும் எதற்காக, எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிக் கையொப்பமிடுவது. பழைய பழக்கம்தான், இன்றும் பயன் தருகிறது.

ஆசை காட்டியும் அச்சம் காட்டியும்

மோசடிச் செய்திகள் கண்மூடித்தனமாக அனுப்பப்படுவதாக நாம் நினைக்கிறோம். பல சமயங்களில் அவை நம்மை அறிந்தே வருகின்றன. 'உங்கள் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது, இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்' என்று பெற்றோரை அழைத்துப் பணம் பறிக்கும் மோசடி குறித்துத் தமிழ்நாட்டில் காவல்துறை எச்சரித்திருக்கிறது. அழைப்பவர் பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சரியாகச் சொல்லும்போது தாய்க்கு ஐயம் எழுவதில்லை. உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பத்தில்தான் அந்தப் பொறி வேலை செய்கிறது.

ஒன்றை உறுதியாக நினைவில் கொள்ளலாம்: பணத்தைப் பெறுவதற்குக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவோ யுபிஐ ரகசிய எண்ணை இடவோ தேவையே இல்லை. ரகசிய எண்ணைக் கேட்டாலே பணம் வெளியே போகிறது என்று பொருள்.

அச்சம் காட்டுவது இன்னொரு வழி. காவல்துறை, சி.பி.ஐ., சுங்கத்துறை என்று சொல்லிக் காணொலி அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டுகிறார்கள். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. வழக்குகளைச் சந்தித்துப் பழகிய செயல்பாட்டாளர்களுக்கும் காவல்துறையின் பெயர் பதற்றம் தரக்கூடியது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு வழக்கறிஞரிடம் பேசிய பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, திருமண அழைப்பிதழ், மின்கட்டணப் பாக்கி, வங்கி விவரப் புதுப்பிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு. அது அழைப்பிதழ் அன்று, ஒரு செயலி. நிறுவியதும் நம் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு ஒருமுறைக் கடவுச்சொற்களைத் திருடுகிறது. கூகுள் ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எந்தச் செயலியையும் நிறுவாமல் இருப்பதே இதற்கு மருந்து.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், முதல் சில மணி நேரத்தில்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் எழுத்து வடிவில் புகார் தர வேண்டும். நம் தவறோ வங்கியின் தவறோ இன்றி நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை கூறுகிறது. நாமே கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்மையே சாரும். ஆகவே, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேர்கிறது.

உளவு மென்பொருள்: பீமா கோரேகான் தரும் பாடம்

இதுவரை சொன்னவை பணத்துக்காக நடப்பவை. இனிச் சொல்வது அரசியலுக்காக நடப்பது.

2018 ஜனவரி 1 அன்று மகாராட்டிரத்தின் பீமா கோரேகானில் கூடிய தலித் மக்கள்மீது வன்முறை ஏவப்பட்டது. அதைத் தொடர்ந்த வழக்கில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களுமே சிறைக்குச் சென்றார்கள். அவர்களுக்கு எதிரான முதன்மைச் சான்றுகள் கணினிகளில் கண்டெடுக்கப்பட்ட கடிதங்கள். ரோனா வில்சனின் மடிக்கணினிப் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில், அந்தக் கணினியில் 'நெட்வயர்' என்ற உளவு மென்பொருள் புகுத்தப்பட்டிருந்தது என்றும், அதன் வழியே அந்தக் கடிதங்கள் மறைவான ஒரு கோப்புறையில் வைக்கப்பட்டன என்றும் கூறியது. நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினியிலும் அதே வகை ஊடுருவல் நடந்ததாகப் பின்னர் வந்த அறிக்கை தெரிவித்தது. தேசியப் புலனாய்வு முகமை இம்முடிவுகளை ஏற்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது உள்ளே நுழைந்த வழி. 2016 ஜூன் 13 அன்று, தெரிந்த ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வில்சனுக்கு அஞ்சல்கள் வந்தன. இணைத்திருந்த ஆவணத்தைத் திறந்து பார்க்கும்படி அவை கேட்டன. அவர் திறந்தார், கதவு திறந்தது. அனுப்பியவரின் கணக்கு முன்னரே வேறு யாருடைய கையிலோ இருந்தது. அந்நியரை நம்பாதே என்ற அறிவுரை இங்கே பயனற்றுப் போகிறது. தோழர் பெயரில் வந்தாலும், எதிர்பாராமல் வரும் கோப்பைத் திறக்குமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்து 'நீங்கள்தான் அனுப்பினீர்களா' என்று கேட்பது ஒன்றே வழி. அது அவநம்பிக்கை ஆகாது. தோழமையின் ஒரு பகுதி.

எதையும் திறக்காமலேயே நுழையும் உளவு மென்பொருளும் உண்டு. இசுரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் உருவாக்கிய பெகாசஸ் அத்தகையது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியே அது ஏறத்தாழ 1,400 பேரின் கைபேசிகளைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்கக்கூடத் தேவையிருக்கவில்லை. இந்தியாவில் எச்சரிக்கப்பட்டவர்களில் ஒருவர் தலித் அறிஞர் ஆனந்த் டெல்டும்டே. 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று, அவர் பீமா கோரேகான் வழக்கில் சரணடைய வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் வெளியான பெகாசஸ் பட்டியலில் மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று முடிவுகூற இயலவில்லை என்றது. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் 2022 ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றம் பதிவு செய்தது.

இத்தகைய கருவியைத் தனிமனிதர் முழுமையாகத் தடுக்க முடியாது. ஆனால், எதிரியின் வேலையைக் கடினமாக்கலாம். இயங்குதளத்தையும் செயலிகளையும் புதுப்பித்தவுடன் பழைய ஓட்டைகள் அடைபடுகின்றன. கைபேசியை அவ்வப்போது அணைத்து இயக்குவது சில உளவு மென்பொருள்களின் பிடியை அறுக்கும். ஐபோனில் 'லாக்டவுன் மோட்' இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை வைத்து, இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். நாம் அறியாத கணினி அதில் இருந்தால் யாரோ நம் உரையாடலைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மின்னஞ்சலுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். மிக முக்கியமான ஆலோசனைகளுக்கு நேரில் சந்திப்பதே இன்றும் சிறந்த தொழில்நுட்பம்.

முதலில் நம் வீட்டை ஒழுங்கு செய்வோம்

அரசையும் நிறுவனங்களையும் கேள்வி கேட்கும் நாம், நம் அமைப்புகளுக்குள் என்ன செய்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். உறுப்பினர் படிவத்தோடு ஆதார் நகல் கேட்கிறோம். எதற்கு? மாணவர் முகாமுக்குப் பெயர் பதிய கூகுள் படிவம் அனுப்பி, அதன் விரிதாளை இணைப்பு உள்ள எவரும் பார்க்கும்படி விட்டுவிடுகிறோம். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் முதல் தகவல் அறிக்கையை எண், முகவரியோடு இருநூறு பேர் உள்ள குழுவில் பகிர்கிறோம். அந்த இருநூறு பேரையும் நமக்குத் தெரியுமா?

2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுவெளிப் பதிவுகளில் மறைக்க ஆணையிடும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. போராடிப் பெற்ற பிரிவு அது. நீதிமன்றம் மறைக்கும் பெயரை நம் வாட்ஸ்அப் குழு வெளியிடுமானால் அந்தப் பிரிவுக்குப் பொருளே இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

எனவே ஒவ்வொரு அமைப்பும் சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். தேவையில்லாத தகவலைக் கேட்பதில்லை. தேவை முடிந்ததும் அழிப்பது. பாதிக்கப்பட்டோர் விவரம் இரண்டு அல்லது மூன்று பேருக்கு மேல் தெரியாமல் பார்த்துக்கொள்வது. அன்றாட உரையாடல்களுக்குத் தானே மறையும் செய்தி வசதியைப் பயன்படுத்துவது. ஆனால் சான்றை மட்டும் அழிக்கவே கூடாது. தாக்குதலைப் படமெடுத்த காணொலியின் மூலக்கோப்பை அப்படியே பாதுகாத்து வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது கோப்பு சுருங்கி மாறிவிடுகிறது; மின்னணுச் சான்றுக்குரிய 63ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு மூலமே வலு.

காவல்துறை கைபேசியைக் கைப்பற்ற வந்தால் கைப்பற்றுதல் பட்டியலின் நகலையும், கருவியிலுள்ள தரவின் ஹாஷ் மதிப்பையும் எழுத்தில் கேட்க வேண்டும். பின்னர் ஓர் எழுத்து சேர்க்கப்பட்டாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், அதுவே நம் காப்பு. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. அதை நினைவூட்டுவது நம் உரிமை.

எச்சரிக்கை உரிமைக்கு மாற்றன்று

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசின் எந்த அமைப்புக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே கொடுத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் திருத்தி, பொதுநலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிட அப்பிரிவிலேயே இருந்த இடத்தை நீக்கியது. நாம் அரசைப் பார்க்கும் சன்னல் சிறுக்கிறது. அரசு நம்மைப் பார்க்கும் சன்னல் பெருக்கிறது.

ஆகவே, பூட்டுப் போடுவதோடு நம் வேலை முடியவில்லை. நம் தரவு எங்கே இருக்கிறது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டு எழுதும் மனுவும் அதே அளவு தேவை. புதுச்சேரி வழக்கில் ஓர் இளைஞர் அமைப்பின் தலைவர் ஒரு குறுஞ்செய்தியை அழித்துவிட்டுப் போகாமல், 'என் எண் உனக்கு எப்படிக் கிடைத்தது' என்று நீதிமன்றத்தில் கேட்டார். அடுத்த முறை நம் கைபேசிக்கு அப்படியொரு செய்தி வரும்போது, அழிக்குமுன் அதைப் படம் எடுத்து வைப்போம். நம்மை நம்பிப் பேசியவர்களின் பெயர்களும் அதே கருவியில்தான் இருக்கின்றன.